மலைப்படத்தில் இல்லாதவள்

போடியில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு எடுத்துவந்த அன்னத்தாய்க்கு 1936-இல் பினாங்கிலிருந்து ஒரு பார்சல் வந்தது. அனுப்பியவர் அவள் கணவர் பொன்னுராஜ். கல்யாணமான மறுவருஷமே ரப்பர் கம்பெனிக் கிளார்க்காகக் கப்பலேறியவர். போய் ஆறு வருஷமாகியிருந்தது. உள்ளே சுருட்டிய சீனப் படம் ஒன்று இருந்தது. கடிதம் இல்லை. சுற்றியிருந்த காகிதத்தையெல்லாம் உதறிப் பார்த்தாள்.

கறுப்பு மையில் எழுதிய மலை. பாதியை மேகம் மறைத்திருந்தது. அடியில் மூங்கில், சவுக்கு மாதிரி ஒரு மரம், இலையில்லாமல் பூத்த ஒரு கிளை. அதை இலவம் என்றுதான் நினைத்தாள். பாதையில் எறும்பளவுக்கு ஒரு மனிதர் கோலூன்றிப் போய்க்கொண்டிருந்தார். சுவரில் மாட்டி, எதிரே உட்கார்ந்துதான் தினமும் சாப்பிட்டாள். கடிதத்துக்குப் பதில் இதுதானோ என்று தோன்றும். படத்தை வாசிக்கத்தான் தெரியவில்லை.

மறு கோடையில் சைக்கிளில் பட்டு விற்கும் சீனாக்காரர் ஒருவர் தெருவுக்கு வந்தார். பட்டு வேண்டாமென்று சொல்லிவிட்டு அவரிடம் படத்தைக் காட்டினாள். அவர் மூட்டையை இறக்கிவைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு தெரிந்த தமிழில் விளக்கினார். மூங்கில் வளையும், ஒடியாது. அது சவுக்கில்லை, பனியிலும் பச்சை மாறாத ஊசியிலை மரம். கிளையில் இருப்பது கடுங்குளிரிலேயே மலர்கிற பூ. மூன்றும் படித்தவனுக்கு வேண்டிய குணங்களாம். அந்த மனிதர் பெரிய உத்தியோகஸ்தர். மனம் ஒப்பாமல் வேலையை விட்டு மலைக்குப் போகிறார். தங்கள் நாட்டில் அதை உயர்வாகச் சொல்வார்கள் என்றார்.

“இவரு பெண்சாதி எங்கன?” என்று கேட்டாள் அன்னத்தாய்.

“அதைப் படத்துல எழுதமாட்டாங்க, அம்மா.”

பட்டுக்காரருக்கும் ஊரில் மனைவி உண்டாம். பார்த்துப் பதினோரு வருஷமாம். அவள் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். படத்தை அன்றே சுருட்டிப் பெட்டியில் வைத்தாள்.

யுத்தம் வந்து தபால் நின்றது. 1946-இல் பினாங்கிலிருந்து வந்த தேனி வியாபாரி ஜேசுராஜ் வீடு தேடிவந்து விவரம் சொன்னார். பார்சல் அனுப்பிய வருஷமே பொன்னுராஜ் வேலையை விட்டுவிட்டார். மலையில் குடிசை போட்டு, புத்தகங்களோடு தனியாக இருக்கிறார். வேறு குடும்பம் கிடையாது. திரும்பப் போகும்போது ஏதும் சொல்ல வேண்டுமா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள். அவருக்கு வேறொருத்தி இருந்திருந்தால் இவள் திட்டியாவது தீர்த்திருப்பாள்.

கோயிலில் ஞாயிறுதோறும் கடல்கடந்தவர்களுக்கான ஜெபத்தில் பொன்னுராஜின் பெயரும் வாசிக்கப்படும். அந்த வாரம் அவள் போதகரிடம் போய்ப் பெயரை எடுத்துவிடச் சொன்னாள். அவர் பதறிப்போய், துக்கச் செய்தி ஏதும் வந்ததா என்று விசாரித்தார்.

“இல்லைங்கய்யா. சொகமாத்தேன் இருக்காக. போகணும்னு நெனச்ச எடத்துக்குப் போயிட்டாக.”

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெயர் வாசிக்கப்படவில்லை. அன்னத்தாய் ஜெபம் முடியுமுன்பே எழுந்து வெளியே வந்து வெயிலில் நின்றாள்.