ஒரே ஒரு முறை ஓடிய கேசட்

என் அக்கா பாடகி. பாடகியாக இருந்தாள் என்றுதான் எழுத வேண்டும், எனக்குக் கை வரவில்லை. கழுத்தில் கழலைக்காக அறுவை சிகிச்சை செய்தபோது குரல் நரம்பில் ஏதோ ஆகிவிட்டது. அதன் பிறகு அவள் வாய் திறந்தால் காற்றுதான் அதிகம் வரும், பேச்சு கொஞ்சம்தான் வரும். அவளுடைய மகள் அதற்கப்புறம் பிறந்தவள். அம்மா ஒரு காலத்தில் பாடினாள் என்பதே அந்தப் பிள்ளைக்குப் பிறர் சொல்லித்தான் தெரியும்.

பாடியதற்குச் சாட்சியாக ஒரே ஒரு கேசட் இருந்தது. எழுபதுகளின் கடைசியில், ஒரு நவராத்திரிக்கு, எங்கள் தீவுப் பட்டணமான ஜார்ஜ்டவுனில், வீட்டுக்குப் பக்கத்துக் கோயில் மண்டபத்தில் பதிந்தது. ஆர்மோனியம் வாசித்தவர் அத்தான், அதாவது அக்காவின் கணவர். பதிவு செய்தவரும் அவரேதான். ஸ்டீரியோ ரெக்கார்டர் இரவல் வாங்கியது, கச்சேரி முடிந்த கையோடு திருப்பிக் கொடுத்தாயிற்று. ஒயர்களை எல்லாம் தானே சூடு வைத்து ஒட்டினார். அத்தானுக்குத் தெரியாத வேலை என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது.

அந்தக் கேசட்டை எங்கள் வீட்டு ஒற்றை ஸ்பீக்கர் ரெக்கார்டரில் போட்டால் ஆர்மோனியம் கணீரென்று கேட்கும். அக்காவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து முனகும். "மைக்குக்கு முன்னால வாயத் தொறந்து பாடுனாத்தானே வரும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார் அத்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கா ஒரு நாளும் மறுத்துப் பேசியதில்லை. தான் மெதுவாகத்தான் பாடிவிட்டோம் என்று அவளே நம்பிவிட்டாள். கேசட் அலமாரியில் புடவைகளுக்கு அடியில் போனது.

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஜார்ஜ்டவுனுக்கு எதிர்க்கரையில், பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையின் வடிவமைப்புப் பிரிவில் இருந்தேன். ஸ்டீரியோ ஒலியைச் சின்ன இடத்துக்குள் சுருக்கி வைப்பது என் வேலை. இடது, வலது என்று இரண்டு பக்கம் இருந்தாலும் இரண்டிலும் வருவது பெரும்பாலும் ஒன்றேதான். ஒரே பள்ளிக்கூடத்துக்குப் போகிற இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு பஸ் எதற்கு? அதனால் இரண்டையும் கூட்டி ஒரு கோப்பு, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து இன்னொரு கோப்பு. கூட்டலுக்குத் தாராளமாக இடம். கழித்தலில் மிஞ்சுவது மண்டபத்து எதிரொலியும் யாரோ இருமியதும்தான் என்பதால், போனால் போகிறது என்று அதற்குக் கொஞ்சம். கேட்கும்போது இரண்டையும் சேர்த்தால் இடதும் வலதும் திரும்பக் கிடைத்துவிடும். அந்தக் கழித்தலை எத்தனை கஞ்சத்தனமாக வைக்கிறேன் என்பதில் எனக்குப் பெரிய பெருமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா கேசட்டை என் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நாடாவில் வெள்ளைப் பூஞ்சை. தொட்டால் விரலில் பழுப்பு மாவு ஒட்டியது.

"ஓடுமாடி?"

"ஒரு தடவை ஓடும்க்கா. அதுக்கு மேல சத்தியம் பண்ண மாட்டேன்."

சுருக்காமல் அப்படியே பதிய என் கம்ப்யூட்டரில் இடம் கிடையாது. கேசட் ஓட ஓட என் புரோகிராம் கூட்டிக் கழித்து எழுதிக்கொண்டே போக வேண்டும். பள்ளிவாசல் சாலையில் வாங்கிய நாசி கண்டார் சோற்றுப் பொட்டலங்களோடு அத்தானும் வந்து நாற்காலியில் சாய்ந்திருந்தார். "அதுல என் ஆர்மோனியந்தான் இருக்கு லா. அதுக்குப் போயி இவ்ளோ பாடா?" என்றார். நான் கேசட்டை என் ஸ்டீரியோ டெக்கில் பொருத்தினேன்.

ஓடவிட்டேன். ஹெட்போனை முதலில் நான் மாட்டினேன். தூக்கிவாரிப் போட்டது. அக்காவின் குரல்! தெளிவாக, இளசாக, வலுவாக இருந்தது. ஆனால் எங்கிருந்து வருகிறது என்றுதான் பிடிபடவில்லை. இடதும் இல்லை, வலதும் இல்லை, நடுவும் இல்லை, தலைக்குள் அலைந்துகொண்டிருந்தது. பழைய நாடா, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து ஹெட்போனை அக்காவுக்கு மாட்டிவிட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பாட்டோடு சேர்ந்து உதடுகள் மட்டும் அசைந்தன.

நான் கேசட் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அடிக்கடி கிறீச்சிட்டது. கடைசிப் பாட்டு முடிந்து கைதட்டல் தொடங்கியபோது நாடா அறுந்தது. ஓடி முடித்த பகுதியை எடுத்துப் பார்த்தேன். பழுப்பு பாதிக்கு மேல் உதிர்ந்து வெறும் கண்ணாடித் தாள் தெரிந்தது. இனி அதை யாராலும் போட்டுக் கேட்க முடியாது.

"வந்துருச்சா?" என்றாள் அக்கா.

"எல்லாம் வந்துருச்சுக்கா" என்று ஸ்பீக்கரைத் திறந்துவிட்டேன். சரிபார்க்க முதலில் கூட்டலை மட்டும் ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். ஆர்மோனியம் வந்தது. தபேலா வந்தது. குரல் வரவில்லை, சுருக்கியதில் பழைய முனகல்கூட இல்லை. அடுத்த பாட்டுக்குப் போனேன். அதிலும் இல்லை. அக்காவின் முகத்தில் சிரிப்பு இன்னும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார் அத்தான்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க அத்தான்!"

என் காதாலேயே கேட்ட குரல். கூட்டலில் இல்லையென்றால் கழித்தலில்தான் இருக்க வேண்டும். அது புரிந்ததும் பயம் இன்னும் கூடியது. கழித்தலைத் தனியாக ஓட்டினால், அலுவலகத்தில் எப்போதும் தகரக் கூரையில் மழை பெய்கிற இரைச்சல்தான் வரும். போனால் போகிறது என்று நான் கிள்ளிப் போட்ட இடத்தில் அக்காவின் குரல் மாட்டியிருந்தால், அதை நசுக்கிக் கொன்றது நான்தான். விசையை அழுத்த மனம் வரவில்லை. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போடுடி" என்றாள்.

முதலில் மழைதான் வந்தது. பிறகு அதற்குள்ளிருந்து அக்கா வந்தாள். மணல் கலந்த குரல், ஓரமெல்லாம் தேய்ந்த குரல், ஆனால் அவள் குரல். ஆர்மோனியம் இல்லை. தபேலா இல்லை. மண்டபத்தில் தனியாக நின்று வாய் நிறையப் பாடினாள். மேல் ஷட்ஜத்தில் போய் அசையாமல் நின்றாள். நான் அழுதுவிட்டேன்.

அழுதுகொண்டே எனக்கு விஷயம் விளங்கியது. அக்காவின் மைக்கை இடதுக்கும் வலதுக்குமாகப் பிரிக்க அத்தான் ஒட்டிய ஒயரில், ஒரு பக்கம் இரண்டு முனைகளும் மாறிப்போயிருந்தன. அவள் குரல் ஒரு பக்கம் முன்னே தள்ளும்போது மறுபக்கம் பின்னே இழுத்தது. இரண்டையும் கூட்டினால் ஒன்றையொன்று அழித்துவிடும். எங்கள் வீட்டு ஒற்றை ஸ்பீக்கர் ரெக்கார்டர் இத்தனை வருஷமும் அப்படிக் கூட்டித்தான் பாடியது. கழித்தலிலோ, இரண்டு பக்கமும் ஒன்றாகவே வந்த ஆர்மோனியம் அழிந்து அவள் மட்டும் மிஞ்சினாள். இதையெல்லாம் அத்தான் முகத்துக்கு நேரே உரக்கச் சொன்னேன். இனிமையாகச் சொல்ல மெனக்கெடவில்லை.

அவர் எழுந்து வந்து திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ரெண்டு ஒயரும் ஒரே கலர் லா" என்றார்.

அக்கா அந்தப் பாட்டு முடியும்வரை திரும்பவில்லை. முடிந்ததும் அவரைப் பார்த்து, காற்றாக, "வாயத் தொறந்துதான் பாடியிருக்கேன்" என்றாள்.

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு விசைப்பலகைக்குத் திரும்பினேன். "இப்ப ரெண்டையும் சேத்துர்றேன்க்கா. ஆர்மோனியத்தோட முழுசா வந்துரும்."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சேக்காத. என் மக இத மட்டும் கேக்கட்டும்."