மாமனார் ஊரில் கடைச் சோறு

தச்சநல்லூர் என் மாமனார் ஊர். இங்கே சோற்றுக்கடையில் நான் உட்காருவது இதுவே முதல் தடவை. சோறு குழைந்திருக்கிறது, குழம்பில் புகை வாடை. கல்யாணத்துக்கு மறுநாள், மறுவீட்டு விருந்தில், இதே தெருவில்தான் எனக்குத் தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சிப் பச்சடியும் பரிமாறினார்கள்.

"சொதி உண்டா அண்ணாச்சி?" என்று கடைக்காரரைக் கேட்கிறேன்.

"அது புது மாப்பிள்ளைக்குல்லா வைப்பாவ! கடையில ஏது?" என்று சிரிக்கிறார். "இங்கன யாரு வீட்டுக்கு வந்திருக்கிய?"

மாமனார் பெயரைச் சொல்கிறேன். அவர் சிரிப்பு நின்றுவிடுகிறது. அந்த வீடு பூட்டிக் கிடப்பதும், என் மனைவி இறந்துபோனதும் ஊருக்கே தெரியும். உள்ளே போகிறவர், தமக்கென்று வைத்திருந்த இஞ்சிப் பச்சடியை எடுத்துவந்து என் இலையில் வைக்கிறார்.

"எங்க ஊரு மாப்பிள்ளைக்கு இதாவது வைக்கேன்."

அந்தக் குழைந்த சோற்றையே மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறேன்.