பூண்டு தொடாத வாயில் பூண்டு வாடை

என் தங்கை தாமரைச்செல்வி திருப்பரங்குன்றம் பக்கத்தில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். எங்கள் வீட்டில் எம்.எஸ்சி. முடித்த முதல் ஆள் அவள்தான். நான் பத்தாவதோடு நின்று, சமயநல்லூர் மெயின் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். டியூப் காயும் நேரத்தில் வண்டிக்காரர்கள் அவளைப் பற்றிக் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் நானே சொல்லிவிடுவேன்.

அவள் கையில் அதிகம் புழங்குவது டிஎம்எஸ்ஓ என்ற திரவம். பார்க்கத் தண்ணீர் போல இருக்கும். தண்ணீரில் கரையாத எத்தனையோ மருந்துப் பொருள்கள் இதில் கரையும். இதுவோ தண்ணீரோடு நன்றாகக் கலக்கும். அதனால் புதிய மருந்தை இதில் கரைத்து, தட்டில் வளரும் உயிர்ச் செல்களுக்குத் துளியளவு கொடுத்துப் பார்க்கிறார்கள். பக்கத்திலேயே இன்னொரு தட்டில் வெறும் டிஎம்எஸ்ஓ மட்டும் விடுவார்கள். செல் செத்தது மருந்தாலா, கரைத்த திரவத்தாலா என்று அப்போதுதான் தெரியும். செல்களை உறைய வைத்துப் பத்திரப்படுத்தவும் இதைச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஐஸ் ஊசி ஊசியாக வளர்ந்து செல்லைக் கிழித்துவிடுமாம். ஏசி அறையில் கூடுதலாகக் குளிர்ந்தால் பாட்டிலே கட்டியாகிவிடும். "நம்ம கடையில வச்சா ஆயுசுக்கும் கட்டியாகாதுண்ணே" என்பாள்.

போன ஆனியில் அப்பா கருத்தக்கண்ணனுக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தது. அவர் பிழைத்து வரவேண்டும் என்று அம்மா செல்லத்தாய் அழகருக்கு வேண்டிக்கொண்டார். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் வீட்டில் யாரும் பூண்டு, வெங்காயம் தொடக் கூடாது. அழகர்கோவிலில் சங்கு சக்கரம் வைத்த வெள்ளி மோதிரம் இரண்டு வாங்கி எனக்கும் தங்கைக்கும் போட்டுவிட்டார். விரதம் முடியும்வரை அதைக் கழற்றவும் கூடாது.

அப்படி ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்த தங்கை, அம்மாவிடம் காபி கேட்டாள். டம்ளரை நீட்டிய அம்மாவின் கை அப்படியே நின்றது.

"ஏண்டி, வாயில என்ன பூண்டு வாடை?"

"பூண்டா? நான் தொடவே இல்லம்மா. காலையில நீ கட்டிக்குடுத்த தயிர்ச்சோறுதான் தின்னேன்."

"இம்புட்டுத் தூரம் அடிக்குது, தொடலங்கிற?"

கட்டிலில் கிடந்த அப்பா, "எந்த ஓட்டல்ல தாயி? எனக்கும் ஒரு பார்சல் வாங்கியாந்திருக்கலாம்ல" என்றார்.

"நீங்க சும்மா கெடங்க. உங்க உசுருக்குத்தான வேண்டிக்கிட்டது" என்று அம்மா அழ ஆரம்பித்தார். தங்கை உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "எனக்கே நாக்குல அந்த ருசி இருக்குண்ணே. டிஎம்எஸ்ஓ கையில பட்டிருக்கு. அது தோல் வழியா உள்ள போயிரும். போனா மூச்சுல பூண்டு வாடை வரும்" என்றாள்.

"கையில பட்டா வாயில நாறுமா? என்னையப் பாத்தா கிறுக்கச்சி மாதிரி தெரியுதா?"

அன்று இரவு அம்மா சாப்பிடவில்லை. என் தங்கை பொய் சொல்ல மாட்டாள். அம்மா நம்பாததைவிட அவளை வாட்டியது வேறு. "இன்னைக்குச் செல்லு உறைய வைக்க வெறும் டிஎம்எஸ்ஓதான் எடுத்தேன். மருந்து கரைச்சது பட்டிருந்தா அதையும் உள்ள இழுத்துட்டுப் போயிருக்கும். கிளவுஸ் போட்டும் எப்பிடிண்ணே பட்டுச்சு?"

ஞாயிறு காலை அம்மாவைக் கையோடு கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தாள். பையில் புதுக் கிளவுஸ் ஒரு ஜோடி கிடந்தது. மோதிரம் போட்ட வலக்கையில் ஒன்று, வெறும் இடக்கையில் ஒன்று மாட்டினாள். லேபில் செய்வது போலவே இரண்டு கையாலும் கடையில் கிடந்த டப்பா மூடிகளைத் திருகித் திருகி வெகுநேரம் வேலை பார்த்தாள். பிறகு கழற்றி, இரண்டையும் பலூன் போல ஊதி வாயை முறுக்கி, பஞ்சர் பார்க்கும் தொட்டியில் முக்கினாள். இடக்கை கிளவுஸ் சும்மா இருந்தது. வலக்கை கிளவுஸில் மோதிர விரல் இடத்திலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி வந்தது. மோதிரத்துச் சக்கரத்தின் முனை குத்திய ஓட்டை, கண்ணுக்குக்கூடத் தெரியாதது.

அம்மா தொட்டியருகே குனிந்து அந்த விரலைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப, பூண்டு வாடை வரவச்சதே அந்தப் பெருமாள்தானா?"

"நான் அப்பிடிச் சொல்லலம்மா."

"நீ சொல்லல, குமிழி சொல்லுது." அம்மா தன் மஞ்சள் கயிற்றிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றினார். தங்கையின் விரலிலிருந்து மோதிரத்தை அவரே உருவி, அவள் கழுத்துச் சங்கிலியில் ஊக்கால் கோத்துவிட்டார். "கழட்டல, இடம் மாத்தியிருக்கேன். அழகருக்கு இது தெரியும்."

திங்களன்று தங்கை தன் மேடத்திடம் நடந்ததைச் சொன்னாள். இப்போது அங்கே எல்லாரும் மோதிரத்தைக் கழற்றிவிட்டுத்தான் கிளவுஸ் போடுகிறார்கள்.

விரதம் நல்லபடியாக முடிந்தது. அப்பா கோவில் படியை யார் கையும் பிடிக்காமல் ஏறினார். ஆனாலும் தங்கை வேலையிலிருந்து வந்ததும் அம்மா வாசலிலேயே மறிப்பார்.

"ஊது."

அவள் ஊதுவாள்.

"ம், இன்னைக்கு ஓட்டை இல்ல. உள்ள வா."