இருபதாவது தலை

லூசிண்டா பெட்டன்கோர்ட்டிடம் கணக்கு வகுப்புகளைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்காகப் பேசுவாள். கணக்கு மட்டும் கேட்கக் கூடாது. பின்னத்தைக் கண்டாலே அவளுக்கு வியர்த்துவிடும். ஆனால் பாதாம் தோப்புகளுக்கும் பால் பண்ணைகளுக்கும் நடுவே இருந்த அந்த இரண்டு வருடக் கல்லூரியில், எந்தக் கணக்கை எந்தப் பருவத்தில் முடித்தால் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் வருடத்துக்குத் தாவலாம் என்று பிள்ளைகளுக்கு இருபத்தாறு வருடமாகத் திட்டம் போட்டுக் கொடுப்பவள் அவள்தான். சமைக்கத் தெரியாதவள் பந்தி விசாரித்த கதைதான், என்ன செய்ய!

ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை இட்ஸெல் வந்து நின்றாள். பகலில் படிப்பு, மாலையில் பாதாம் உடைக்கும் ஆலையில் வேலை. சிவில் இன்ஜினியரிங்குக்கு இடம் கிடைத்துவிட்டது, ஆனால் இந்தப் பருவத்தில் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் முடித்தால்தான் அந்த இடம் நிற்கும்.

"மிஸ், அந்தக் கிளாஸையே தூக்கப் போறாங்களாம். பத்தொன்பது பேர்தான் சேர்ந்திருக்கோம்."

"யாரு சொன்னது?"

"டீன்தான். இருபது பேர் இல்லேன்னா கிடையாதாம். புதன்கிழமை அஞ்சு மணி வரைக்கும்தான் டைம்."

அந்த வகுப்பு வருடத்துக்கு ஒரு முறைதான் வரும். இப்போது போனால் இட்ஸெலின் இடமும் போகும், ஒரு வருடமும் போகும். ஒரே ஒரு தலைக்காக! லூசிண்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீ வேலைக்குப் போம்மா. தலையை நான் கொண்டு வரேன்."

இரண்டாவது கால்குலஸை முடித்த எவரும் அந்த வகுப்பில் சேரலாம். முடித்துவிட்டுப் படிப்பை விட்டவர்களுக்கெல்லாம் வரிசையாகப் போன் போட்டாள். ஒருவன், "நான் இப்ப டிரக் விக்கிறேன் மேடம், உங்களுக்கு ஒண்ணு எடுத்து வைக்கட்டுமா?" என்றான். ஒரு வீட்டில் அம்மாக்காரி எடுத்து, "அவனுக்குக் கல்யாணமே ஆயிடுச்சு, இன்னுமா அவனை விட மாட்டேங்கறீங்க?" என்று வைத்துவிட்டாள். இன்னொருத்தி டிஃபரன்ஷியல் என்ற சொல்லைக் கேட்டதும் ராங் நம்பர் என்றாள். செவ்வாய் முழுக்க இதே பாடுதான்.

புதன்கிழமை மூன்றரை மணிக்குப் பழைய பதிவுகளைக் கிளறினாள். இருபத்து நான்கு வருடத்துக்கு முந்தைய பட்டியலில் ஒரு பெயர். எல்மானோ பெட்டன்கோர்ட், இரண்டாவது கால்குலஸ், பி கிரேடு. அவள் புருஷன்!

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அவள் திட்டம் போட்டுக் கொடுத்த பையன் அவன். மெக்கானிக்கல் படிக்க வேண்டும் என்று வந்தவனை பிசினஸ் கால்குலஸில் கொண்டு போய்ச் சேர்த்தாள். பேரில் கால்குலஸ் இருந்தால் போதும் என்று நினைத்துவிட்டாள் பாவி. இன்ஜினியரிங்குக்கு அது செல்லாது என்று தெரிவதற்குள் ஒரு வருடம் ஓடிவிட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கி இரண்டாவது கால்குலஸ்வரை வந்தான். அதற்குள் அப்பாவுக்கு முதுகு போய்விட, பால் பண்ணைகளில் பம்ப் ரிப்பேர் செய்யப் போய்விட்டான். மன்னிப்புக் கேட்கப் போனவள் மோதிரத்தோடு திரும்பினாள். அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள்தான் மறக்கவில்லை.

போனை எடுத்தாள்.

"எல்மானோ, ஒரு உதவி. மூணு வாரம் ஒரு கிளாஸ்ல வந்து உட்காரணும்."

"யோகாவா?"

"டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்."

அந்தப் பக்கம் ஒரு மாடுதான் கத்தியது.

"லூசி, எனக்கு நாப்பத்தெட்டு வயசு. முட்டி வரைக்கும் சாணியில நிக்கிறேன்."

"மூணாவது வாரம் தலை எண்ணுவாங்க. அதுக்கப்புறம் கிளாஸைக் கலைக்க முடியாது. நீ விலகிக்கோ. இல்லேன்னா ஒரு பொண்ணுக்கு ஒரு வருஷம் போயிடும். உனக்குப் போன மாதிரி."

குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"பூட்ஸைக் கழுவிட்டு வரேன்."

நாலு ஐம்பதுக்குப் பெயர் பதிவானது. டீன் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "இது உங்க வீட்டுக்காரர் இல்ல?"

"பி கிரேடு வாங்கினவர் சார். புருஷன்னா படிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?"

டீன் பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாவது வாரம் தலை எண்ணினார்கள், இருபது. வகுப்பு பிழைத்தது. அன்று மாலையே லூசிண்டா விலகல் படிவத்தோடு வீட்டுக்கு வந்தாள். எல்மானோ கீரை சூப்பை ஆறவிட்டுவிட்டு எதையோ எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தான்.

"இதுல கையெழுத்துப் போடு. உன்னை விட்டாச்சு."

"வெள்ளிக்கிழமை டெஸ்ட் இருக்கு. நான் கோட்டை விட்டா இட்ஸெல் தோலை உரிச்சிடுவா. என்னை முன் வரிசையில உட்கார வெச்சிருக்கா." தாளை அவள் பக்கம் திருப்பினான். "தொட்டியில தண்ணி எவ்வளவு நேரத்துல வடியும்னு இத்தனை வருஷமா கண்ணால பார்த்துச் சொல்லிட்டிருந்தேன். அது இதோ, எழுத்துல இருக்கு லூசி!"

அவளுக்கு அதில் ஓர் எழுத்தும் புரியவில்லை. ஆனாலும் கடைசி வரி வரை விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"அடுத்தது மூணாவது கால்குலஸ்தானே?" என்றான்.

அவள் படிவத்தைக் கிழித்துப் போட்டாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு பேனாவைத் தேடினாள். "இரு, இரு. இப்பவே முழுத் திட்டமும் போட்டுத் தரேன்."

"ஐயோ, வேண்டாம் தாயே!" எல்மானோ இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான். "வியாழக்கிழமை பத்து மணிக்கு ஆபீஸ்ல உன் பக்கத்து ரூம்காரர்கிட்ட அதுக்கு அப்பாயிண்ட்மெண்ட் வாங்கிட்டேன்."