தனலெட்சுமி சுட்ட சோள மஃபின்

மலேசியாவில், பத்து பாகாட் என்ற ஊரில் தன் கண்ணை யாரும் ஏமாற்றிவிட முடியாது என்று தனலெட்சுமி நாற்பத்தாறு வயதுவரை நம்பியிருந்தாள். நம்பியதில் தப்பும் இல்லை. சட்டை தைக்கும் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக அவளுக்குச் செக்கிங் வேலை. தைத்து வந்த சட்டையை விளக்கடியில் ஒரு உதறு உதறினால் போதும், அக்குளில் விட்டுப்போன ஒற்றைத் தையல்கூடத் தப்பாது. அந்தக் கண்ணைத் தொழிற்சாலையிலேயே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தால், அவள் குடும்பத்துக்கு அந்த ஒரு வருடம் அப்படிப் போயிருக்காது.

அவள் கணவர் ஜெயபாலன் மரச்சாமான் கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அதிகம் பேச மாட்டார். பேசினாலும் பாதியிலேயே சிரித்து முடித்துவிடுவார். இரண்டு வருடமாக அவருக்கு வயிறு சரியில்லை. காஸ்ட்ரிக் என்று கண்ட மருந்தையும் குடித்துப் பார்த்தார். எழுபத்திரண்டு கிலோ இருந்த மனிதர் ஐம்பத்தாறுக்கு வந்தார். கடைசியில் வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, நோயின் பெயர் சீலியாக் என்றார்கள். கோதுமையில் இருக்கும் குளுட்டன் அவருடைய குடலை அரித்துக்கொண்டிருந்தது. இதற்கு மாத்திரையும் கிடையாது, ஊசியும் கிடையாது. ஒரு பொட்டுக் கோதுமைகூட உள்ளே போகக்கூடாது, அதுதான் வைத்தியம். போனால் குடல் ஆறாது, ஆறாத குடலில் பின்னால் புற்றுநோய்கூட வரலாம் என்று டாக்டரம்மா மலாய்மொழியில் நிதானமாக எடுத்துச் சொன்னார். தனலெட்சுமிக்கு அந்தக் கடைசி வார்த்தை மட்டும் காதிலேயே நின்றுவிட்டது.

சொந்தக்காரர்களிடம் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. நம் ஆட்களுக்குக் கோதுமை என்றால் அதுவே ஒரு மருந்து. சர்க்கரை வந்தவன் சோற்றை விட்டுச் சப்பாத்திக்குத்தான் போகிறான். அப்படிப்பட்ட கோதுமை ஒரு ஆளைக் கொல்லும் என்றால் யார் ஏற்றுக்கொள்வார்கள்? பாலோ என்ற ஊரில் இருந்த பெரியம்மா ராசம்மா ஒருபடி மேலே போய், புருஷன் குடிப்பதை மறைக்க இப்படி ஒரு கதையா என்று கல்யாண வீட்டில் நாலு பேர் காதுபடக் கேட்டுவிட்டாள். அன்றோடு தனலெட்சுமி வாயைக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு யார் விசாரித்தாலும் ஒரே பதில்தான். அவருக்கு வயிற்றுப் புண், காரம் ஆகாது.

வீட்டுக்குள் மட்டும் அவள் விட்டுவைக்கவில்லை. மைதா, ஆட்டா, பிஸ்கட் எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போயின. சோயா சாஸில் கோதுமை இருக்கிறது என்று தெரிந்ததும் அதுவும் போயிற்று. ஒருநாள் பெருங்காய டப்பாவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அதிலும் கோதுமை மாவு. மூன்று வாரமாக அந்தப் பெருங்காயத்தைத்தான் ரசத்தில் போட்டுக் கொடுத்திருந்தாள். அன்று அழுதாள், ஆனால் கண்டுபிடித்துவிட்டோம் என்ற பெருமையும் அந்த அழுகைக்குள் கொஞ்சம் இருந்தது.

காலைச் சாப்பாடுதான் பெரிய பாடாக இருந்தது. ஜெயபாலன் சின்ன வயதிலிருந்து காலையில் ரொட்டி தின்று பழகியவர். தோசை கட்டிக் கொடுத்தால் பத்து மணி ஓய்வுக்குள் வறண்டு தோலாகிவிடும். அவர்களுடைய மகள் தேன்மொழி சிங்கப்பூரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை பார்க்கிறாள். அவள்தான் சோள மஃபினைச் சொல்லிக் கொடுத்தாள். கோதுமை கலக்காதது என்று முத்திரை போட்ட மக்காச்சோள மாவுப் பாக்கெட்டுகளை மாதா மாதம் வரும்போது அவளே கொண்டுவந்தாள்.

முதல்முறை சுட்டது மணலாக உதிர்ந்தது. ஜெயபாலன் அதைக் கரண்டியால் அள்ளித் தின்றுவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். பிறகு மெல்ல மெல்லக் கை பழகியது. சோள மாவை முதல்நாளே மோரில் ஊறவைக்க வேண்டும், இல்லாவிட்டால் பல்லில் நறநறக்கும். காலையில் மூன்று முட்டை, உருக்கிய வெண்ணெய், சீனி, உப்பு, பேக்கிங் பவுடர். குளுட்டன் இல்லாத மாவுக்குத் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளத் தெரியாது, முட்டைதான் அதைப் பிடித்து நிறுத்தும் என்று தேன்மொழி சொல்லியிருந்தாள். மாவு இட்லி மாவைவிடச் சற்று இளக்கமாக இருக்கும்போது காகிதக் கிண்ணங்களில் முக்கால் அளவு ஊற்றி ஓவனில் வைத்துவிட்டுத் தனலெட்சுமி குளிக்கப் போவாள். வந்து பல்குச்சியால் குத்திப் பார்ப்பாள். குச்சியில் மாவு ஒட்டவில்லை என்றால் வெந்துவிட்டது. மஞ்சளாக, மேலே லேசாக வெடித்து, பன்னிரண்டு மஃபின். ஆறு அவருக்கு, மீதி மறுநாளைக்கு. மூன்று மாதத்தில் அவருக்கு நாலு கிலோ ஏறியது. வீட்டில் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஜூன் மாதம் தேன்மொழி வேறு ஹோட்டலுக்கு மாறினாள். அங்கே லீவு கிடைக்கவில்லை, பாக்கெட்டும் நின்றுபோனது. பத்து பாகாட் கடைகளில் சோள மாவு என்று கேட்டால் குழம்பைக் கெட்டியாக்கும் வெள்ளைப் பொடியைத்தான் எடுத்துத் தந்தார்கள். அதை வைத்து மஃபின் சுட முடியாது. தனலெட்சுமி யோசித்தாள். பாப்கார்ன் சோளத்தை வாங்கிக் கழுவிக் காயவைத்து, செல்லப்பன் மில்லில் கொடுத்து அரைத்தாள். காலையில் வேலைக்குப் போகும்போது பையைக் கொடுத்துவிட்டு மாலையில் வரும்போது வாங்கிக்கொள்வாள். செல்லப்பன் ஊரில் பாதிப் பேருக்கு மிளகாய்த்தூள், மல்லித்தூள் அரைத்துக் கொடுப்பவர், நல்ல மனிதர். எவனோ எங்கேயோ அடைத்த பாக்கெட்டைவிட நம் ஆள் அரைத்த மாவு எவ்வளவோ மேல் என்று அவளுக்குத் திருப்தி.

ஜூலையில் ஜெயபாலனுக்கு மறுபடி வயிறு பிடித்துக்கொண்டது. ஏறிய நாலு கிலோவும் இறங்கியது. அக்டோபரில் ரத்தப் பரிசோதனை. டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு, எங்கிருந்தோ கோதுமை உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்றார். வெளியில் ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றார் ஜெயபாலன். டாக்டரம்மா திரும்பித் தனலெட்சுமியைப் பார்த்தார். குற்றம் சொல்லும் பார்வை இல்லை அது. ஆனால் ஜெயபாலன் வெளியில் திருட்டுத்தனமாகத் தின்கிறார் என்பதற்குத் தனலெட்சுமிக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவர் வேலை முடிந்து பத்து நிமிடம் தாமதமாக வந்தால், கடையில் ரொட்டி சானாய் என்கிற மைதா பரோட்டாவைத் தின்றுவிட்டு வருகிறார் என்று நினைத்தாள். சட்டையைத் துவைக்கப் போடும்முன் முகர்ந்து பார்த்தாள். ரொட்டி சானாய் போடும் மாமாக் சாப்பாட்டுக் கடை வாசலில் அவருடைய மோட்டார் சைக்கிளைப் பார்த்ததாகக் கூட வேலை செய்யும் ஒருத்தி சொன்னாள். கேட்டதற்கு, தேத்தண்ணி மட்டும்தான் குடித்தேன் என்றார். அவள் அதைச் சட்டையை உதறுவதுபோல் உதறிப் பார்த்தாள். எந்தக் குறையும் கிடைக்கவில்லை, அதுவே அவளுக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

நவம்பரில் ராசம்மா பெரியம்மா இறந்துபோனாள். தனலெட்சுமி பாலோவுக்குப் போய் நாலு நாள் தங்கினாள். அவர் பத்து பாகாட்டில் தனியாக இருந்து கண்டதைத் தின்று தீர்க்கிறாரோ என்று துக்க வீட்டில் உட்கார்ந்துகொண்டும் அதே நினைப்பு. திரும்பி வந்து பார்த்தால் அவர் முகம் தெளிந்திருந்தது. தான் இல்லாததால் வந்த தெளிவு என்று நினைத்தபோது அவளுக்குச் சுருக்கென்றது. அந்த வருத்தத்தில் மறுநாள் வெண்ணெயைக் கூடப் போட்டு மஃபின் சுட்டாள்.

அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் அந்தச் சண்டை வந்தது. குப்பைப் பையைக் கட்டும்போது அடியில் காய்கறித் தோலுக்குக் கீழே ஆறு மஃபின் கிடந்தன. காகிதம்கூடப் பிரிக்கவில்லை. அவள் அந்தப் பையைக் கொண்டுபோய் அவர் முன்னால் கொட்டினாள்.

"விடியக்காலையில எந்திரிச்சு நான் சுட்டுக் குடுக்கறத குப்பையில போட்டுட்டு, வெளிய தின்னுட்டு வர்றீங்க. என் மூஞ்சியில கரியப் பூசணும்னே பண்றீங்களா?"

ஜெயபாலன் ஏதோ சொல்ல வந்தார். அவள் விடவில்லை. சாமி படத்துக்கு முன் சூடத்தை ஏற்றி, அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னாள். அவர் வெளியில் கோதுமை தொடவில்லை என்று சொல்லி உள்ளங்கையால் நெருப்பை அணைத்தார். கை சிவந்து கொப்புளம் கண்டது. அதற்கு மருந்து போட்டுவிட்டவளும் அவள்தான். போட்டுக்கொண்டே, சத்தியம் செய்துவிட்டுக் குடித்த ஆட்களை நான் வளர்ந்த எஸ்டேட்டில் எத்தனையோ பார்த்திருக்கிறேன் என்றாள். மறுநாளிலிருந்து அவர் காலையில் அவள் கண்ணெதிரே உட்கார்ந்து மூன்று மஃபின் தின்றார். மிச்சம் மூன்றை டப்பாவில் கொண்டுபோய், மாலையில் காலி டப்பாவைத் திறந்து காட்டினார். ஜனவரியில் எடை ஐம்பத்து மூன்று. இப்படியே போனால் இந்த மனிதரைப் பறிகொடுத்துவிடுவோம் என்று அவளுக்கு நிச்சயமாகிவிட்டது. பயம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். இரண்டையும் அவர்மேலேயே காட்டினாள்.

ஒரு சனிக்கிழமை அவளுக்கு வேலை இல்லை. சோளப் பையை மில்லில் கொடுத்தவள், வீட்டுக்குப் போய் அந்த வாய் பேசாத மனிதர் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்தாள். செல்லப்பன் யாருக்கோ மிளகாய் அரைத்து முடித்தார். மெஷினைத் தட்டினார், தூரிகையால் துடைத்தார். பிறகு மூலையில் இருந்த சாக்கிலிருந்து இரண்டு கை தானியம் அள்ளிப் போட்டு ஓட்டி, வந்த மாவைக் கீழே தள்ளினார். அதற்கப்புறம்தான் அவளுடைய சோளத்தைக் கொட்டினார்.

அது என்ன தானியம் என்று தனலெட்சுமி கேட்டாள்.

"கோதுமைதான் தனம்," என்றார் அவர் மெஷின் சத்தத்துக்கு மேலே. "மொளகா காரம் கல்லுல ஒட்டியிருக்கும்ல. பாலனுக்கு வயித்துப் புண்ணுன்னு சொன்னியா, அதான். ஒன் சோளத்துக்கு மட்டும் எப்பவும் ரெண்டு கை கோதுமைய ஓட்டிட்டுத்தான் போடறது. வேற யாருக்கும் செய்யறதில்ல."

பயிரை மேய்ந்தது வேலிதான். ஏழு மாதம். தன் கையால் சுட்டுக் கொடுத்து, கடைசி இரண்டு மாதம் தன் கண்ணெதிரே உட்கார வைத்துத் தின்ன வைத்திருக்கிறாள். அவருக்கு ஆகாதது அந்தக் கோதுமைதான் என்று செல்லப்பனிடம் முதன்முறையாக உண்மையைச் சொன்னாள். அவர் மெஷினை நிறுத்தினார். முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்று மட்டும் கேட்டார். மாவை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

ஜெயபாலன் முன்னறையில் மின்விசிறியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் நேராக அடுப்படிக்குப் போனாள். இருந்த மஃபின்களையும் மாவு டப்பாவையும் குப்பையில் கொட்டினாள். வந்து அவர் எதிரே தரையில் உட்கார்ந்து, மில்லில் பார்த்ததை ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லும்போது அழுகை வந்தது, ஆனால் நிறுத்தவில்லை. இத்தனை நாளும் தானே அவருக்கு விஷம் வைத்ததாகச் சொன்னாள்.

அவர் இறக்கையைத் துடைத்து ஓரமாக வைத்தார். மஃபின்தான் காரணம் என்று தனக்குத் தெரியும் என்றார்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. அவர்தான் மெல்லச் சொன்னார். அவள் பாலோவுக்குப் போயிருந்த நாலு நாளும் அவர் வெறும் சோறும் ரசமும்தான் சாப்பிட்டார். வயிறு ஒரு தொந்தரவும் செய்யவில்லை. அவள் வந்து மஃபின் சுட்ட மறுநாளே வலி வந்துவிட்டது. சரியா தப்பா என்று பார்க்கத்தான் பத்து நாள் தின்னாமல் குப்பையில் போட்டார். அந்தப் பத்து நாளும் நன்றாகத்தான் இருந்தது.

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல? தெரிஞ்சுக்கிட்டே ரெண்டு மாசமா ஏன் தின்னீங்க?"

"சொன்னா நம்பியிருப்பியா தனம்? கடையில தின்னுட்டு வந்து நீ சுட்டதுமேல பழிய போடறேன்னுதான் சொல்லியிருப்ப." வழக்கம்போலப் பாதியில் சிரிப்பார் என்று அவள் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. "தின்னா வயிறு வலிக்கும், அவ்வளவுதான். தின்னலன்னா நீ என்னைத் திருடனப் பாக்கற மாதிரி பாக்கற. அதுக்கு வலியே தேவலன்னு இருந்துச்சு."

நம்பியிருப்பேன் என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். அந்த ஆறு மஃபின்களை அவர் முன்னால் கொட்டிய சாயங்காலத்தை நினைத்துப் பார்த்தாள். அன்று அவர் சொல்ல வந்தது இதுதான்.

"நம்பியிருக்க மாட்டேன்," என்றாள்.

ஜெயபாலன் தலையை ஆட்டினார். மின்விசிறியின் அடுத்த இறக்கையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.