கதைப் பெண்ணுக்கு ஒரு பால்குடம்

ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் எங்கள் பக்கத்து வீட்டுத் தாயும் அவளுடைய பன்னிரண்டு வயது மகளும் இப்போது ஒரே நாவலைப் படிக்கிறார்கள். இதைப் புதுப் பழக்கம் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். நான் மறுப்பதில்லை. ஆனால் ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் நாங்கள் எப்போதோ செய்து முடித்த காரியம் அது.

அப்பா ஈப்போவிலிருந்து வாங்கி வந்த நாவல் ஒன்றை அப்பா, அம்மா, பதினொரு வயதில் நான் என்று எல்லோரும் படித்தோம். மழையில் மரம் நனைந்தால் பால்வெட்டு இல்லை. அன்று புத்தகத்துக்குப் போட்டி. விட்ட இடத்தில் அப்பா காய்ந்த ரப்பர்ப்பால் நாடாவை வைப்பார். அம்மா திருநீறு மடித்த தாளை வைப்பாள். நான் கோழி இறகை. முன்னே போனவர் பின்னே வருபவரிடம் கதையைச் சொல்லலாகாது என்பது அப்பா இட்ட சட்டம்.

நாவலில், கப்பலேறி வந்த குடும்பத்துச் சிறுமி ஒருத்திக்குக் காய்ச்சல் கண்டது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் அம்மா அந்த இடத்துக்கு வந்த அன்றே தோட்டத்து மாரியம்மன் கோவிலுக்குப் போய், திருவிழாவில் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டு வந்தாள். அப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"ஏம்புள்ள, காயிதத்துல இருக்கற பொண்ணுக்கா பால்குடம்?"

"காயிதத்துல வந்தாலும் காய்ச்சல் காய்ச்சல்தானேங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் இறகு இரண்டு அத்தியாயம் தள்ளி இருந்தது. அங்கே அந்தச் சிறுமி இறந்துவிட்டாள். அம்மா விளக்கேற்றி மனப்பாடமாகப் பாடும் பதிகங்களைக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்தப் பக்கத்தைப் படித்ததும் அம்மா அம்மனோடு கோபித்துக்கொண்டு பாட்டை நிறுத்திவிடுவாளோ என்று அஞ்சினேன். ஆகவே நானும் கோவிலுக்குப் போய், அச்சிட்டதை மாற்றித் தரும்படி விண்ணப்பித்தேன். நெற்றி நிறையத் திருநீற்றோடு திரும்பிவந்து பிரித்துப் பார்த்தேன். எழுத்துகள் இருந்தபடியே இருந்தன. அம்மனை அவசரப்படுத்தலாகாது என்று ஒருநாள் விட்டும் பார்த்தேன்.

என் கவலையை அப்பா கண்டுபிடித்துவிட்டார். அவரும் அந்தப் பக்கத்தைத் தாண்டியிருந்தார். தாளைக் கிழித்துவிடலாமா என்று கேட்டேன்.

"வேணாம்மா. அவ வேகத்துல அவ வரட்டும்" என்றார்.

அடுத்த மழைநாளில் அம்மா வந்து சேர்ந்தாள். உதடசைத்துப் படித்துக்கொண்டிருந்தவள் ஓரிடத்தில் நின்றாள். அழவில்லை. முந்தானையால் அந்தப் பக்கத்தை ஒருமுறை துடைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். மாலையில் வழக்கம்போல் விளக்கேற்றிப் பாடினாள். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, சந்தேகமாகவும் இருந்தது.

திருவிழாக் காலையில் மஞ்சள் சேலையுடுத்தி அவள் குடத்துக்கு வேப்பிலை கட்டினாள். அப்பா இம்முறை சிரிக்காமல் கேட்டார்: "புள்ளதான் பொழைக்கலயே, அப்புறம் எதுக்குலா இது?"

"நான் என்ன ஆத்தாகிட்ட யாவாரமா பேசினேன்?" என்றாள் அம்மா. "அந்தப் புள்ள கூடவே இருன்னு கேட்டேன். இருந்திருப்பா."

அப்பா குடத்தைத் தூக்கி அவள் தலையில் வைத்தார்.

அம்மாவுக்குக் கதை சரியாக விளங்கவில்லை என்று நான் தீர்மானித்தேன். எழுத்துக் கூட்டிப் படிப்பவளுக்கு அப்படித்தான் ஆகும் என்றும் எண்ணிக்கொண்டேன். கோவிலிலிருந்து திரும்பியதும் அவளை உட்காரவைத்து, சிறுமி இறக்கும் அத்தியாயத்தை உரக்க, நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டினேன். முடித்துவிட்டு, இப்போது விளங்கிற்றா என்று கேட்டேன். ஈரக் கூந்தலை முடிந்தபடியே அம்மா என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள். வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளை நான். அதை என் வாசிப்புக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.