இரண்டாவது பீரியட் பெல்

விவேக் நகர்ப் பள்ளி ஒன்றில் பெலிக்ஸ் குமாஸ்தா. ஓய்வுபெற இன்னும் ஒரு வருஷம். உட்கார்ந்தே இருக்கக் கூடாது என்று டாக்டர் எச்சரித்ததிலிருந்து, பீரியட் பெல் அடிக்கும்போதெல்லாம் இரண்டு மாடி ஏறி இறங்குவார். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே!

பள்ளிக்கு எதிரிலேயே வீடு. மனைவி ரெஜினாவுக்கும் பெல் கேட்கும்.

"நீயும் எழுந்து ஹால்ல நாலு சுத்து நடயேன்" என்று கெஞ்சிப் பார்த்தார்.

"முட்டி வலிக்குதுங்க, ஆளை விடுங்க" என்றுவிட்டார் ரெஜினா.

கோடை விடுமுறை வந்தது. பெல் இல்லை. பெலிக்ஸ் முதல் நாளே சோபாவில் சாய்ந்துவிட்டார்.

பத்தரை மணிக்குக் காதருகே தட்டில் கரண்டி அடிக்கும் சத்தம். திடுக்கிட்டு நிமிர்ந்தார். தட்டும் கையுமாக ரெஜினா நின்றார்.

"ரெண்டாவது பீரியட் முடிஞ்சிடுச்சு, எழுந்திருங்க. நீங்க அங்க ஏறினப்பல்லாம் நான் இங்க நடந்துட்டுதான் இருந்தேன். இன்னைக்காவது கூட வாங்க."